காக்கைக்குச் சோறும் கலஹாரி நரியும்

ஜோஹனஸ்பர்க்கில் நம்ம ஆட்கள் நாலு குடும்பம் சேர்ந்தால், அடுத்த லீவுக்கு எங்கே என்ற பேச்சு வராமல் இருக்காது. க்ரூகர் எல்லோரும் பார்த்தாச்சு. இப்போது கலகாடி. போங்க, கட்டாயம் போங்க என்பதுதான் என் கட்சி. ஆனால் கிளம்பும் முன்னால் ஒரு விஷயத்தை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்கு: கலஹாரிப் பாலைவனத்தில் தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் சேர்ந்து நடத்தும் வனவிலங்குப் பூங்கா இது. 1931லும் 1938லும் தனித்தனியாக உருவான இரண்டு பூங்காக்களை இணைத்து 2000 மே மாதம் திறந்தார்கள். பரப்பு ஏறக்குறைய 38,000 சதுர கிலோமீட்டர். நம்ம கேரளா அளவு! பாறசாலையிலிருந்து மஞ்சேஸ்வரம் வரைக்கும் ஊரே இல்லாமல், சிவப்பு மணல்மேடும் தண்ணீர் ஓடாத இரண்டு ஆறுகளும் மட்டும் இருந்தால் எப்படியிருக்கும்? கரமனையில் வளர்ந்தவனுக்கு அதை மனதில் கொண்டுவரவே நேரம் பிடிக்கிறது.

இந்தியாவில் புலிக்காட்டுக்குப் போனால் பெரும்பாலும் ஜீப்பும் டிரைவரும் கைடும் அவர்களுடையது. இங்கே நம்ம வண்டி, நாமே டிரைவர். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலில் ஓட்டணும். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது. இருட்டுமுன் கேம்ப் சேர்ந்துவிடணும். ட்வீ ரிவியரன், மாட்டா-மாட்டா, நோசோப் கேம்ப்களுக்கு வேலி உண்டு. போட்ஸ்வானா பக்கம் கூடாரம் போடும் இடங்களுக்கு அதுவும் கிடையாது. ராத்திரி சிங்கம் கூடாரத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் போகலாம்.

இதையெல்லாம் நம்மவர்கள் ஒழுங்காகக் கேட்பார்கள். சிங்கமாச்சே :-) சிக்கல் சாப்பாட்டில்தான்.

காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் நம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட மாட்டார்கள். ஆடி அமாவாசையை எங்கள் ஊரில் கர்க்கடக வாவு என்பார்கள். கரமனை ஆற்றங்கரைத் திருவல்லத்தில் பலி போட்டுவிட்டு, ஈரக்கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கை சும்மா இருக்குமா? அடுப்புப் பக்கம் நரி வந்து நின்றால் ஒரு சப்பாத்தியை நீட்டத்தான் தோன்றும். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, "பாவம்டா, ஒரு வாய் போட்டா என்ன குறைஞ்சுடும்?" என்பார்.

குறையும் அத்தை, அதன் ஆயுசு குறையும். காக்கை காலங்காலமாக மனிதனோடு வாழப் பழகியது. நரி அப்படியில்லை. இன்று வாங்கித் தின்றது நாளைக்கும் வரும், பயம் விட்டுப்போகும். அப்புறம் கூடாரத்தைக் கிழிக்கும், யார் வீட்டுக் குழந்தையையாவது கடிக்கும். கடைசியில் துப்பாக்கிதான். மனிதச் சோற்றுக்குப் பழகிப்போன பபூன்களையும் கழுதைப்புலிகளையும் இந்நாட்டுக் காடுகளில் கொல்ல வேண்டி வந்திருக்கிறது. சப்பாத்தி போட்டவர் அதற்குள் வீடு திரும்பி போட்டோவைக் காட்டிக்கொண்டிருப்பார்.

"எல்லாரும்தான் போடறாங்க, நம்ம ஒருத்தர் போடாம இருந்தா என்ன ஆகும்" என்று ஒரு வாதம் உண்டு. அவ்வளவு பெரிய பரப்பில் பக்கத்துக்கு ஒரு காவலாளியை நிறுத்த முடியாது. நம்மை நம்பித்தான் வண்டியோடு உள்ளே விடுகிறார்கள். ஆளாளுக்கு இப்படி நினைத்தால் நாளைக்கு இங்கேயும் ஜீப்பும் கைடும்தான்.

ஆகவே பெரியவர்களிடம் இங்கேயே சொல்லிவிடுங்கள். காக்கைக்கான பிடியை வீட்டு மதிலில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். அங்கே போனதும் மிச்சம் மீதி எல்லாம் மூடிய டப்பாவில், டப்பா வண்டிக்குள். பாத்திரமும் செருப்பும்கூட ராத்திரி வெளியே கிடக்க வேண்டாம். குழந்தைகளுக்கு ஒருமுறை காரணம் சொன்னால் போதும், அத்தையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.