சல்யூட் எல்லாம் இருக்கட்டும், கேள்வி கேளுங்க

போன வாரம் சித்தப்பா பேரன் வீட்டுக்கு வந்தான். வயசு 19. டிப்ளமோ முடிச்சிருக்கான். காபி குடிச்சான், செல்போனை நோண்டினான், கடைசியில மெதுவா ஆரம்பிச்சான்.

"பெரியப்பா, அக்னிவீர் எழுதலாம்னு இருக்கேன். அப்பா வேணாங்கறார். நீங்க சொன்னா கேப்பார்."

"ஏண்டா திடீர்னு?"

"அமரன் படம் மறுபடி பாத்தேன் பெரியப்பா. உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு."

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியலை. ரெண்டு நாள் கழிச்சு வாடான்னு அனுப்பிட்டேன். அந்த ரெண்டு நாள் மண்டைக்குள்ள ஓடினதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். 1985-ல் சிக்னல்ஸில் சேர்ந்தேன். ஜபல்பூரில் பயிற்சி. 24 வருஷம் கழிச்சு 2009-ல் ஹவில்தாரா வெளிய வந்தேன். வீரதீரக் கதை எதுவும் கைவசம் இல்லை. வயர்லெஸ் செட்டை முதுகுல சுமந்து நடந்தவன், அவ்வளவுதான். தேசபக்தி பொங்கி வழிஞ்சு சேர்ந்தேன்னு சொன்னா அது பொய். வானம் பார்த்த பூமி, வீட்டுக்கு மூத்த பையன், தங்கச்சி ரெண்டு பேர். வேலூர் பக்கம் பாதி ஊர்ல இதே கதைதான். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க. எங்க பக்கம் மிலிட்டரிங்கறது குடும்பத் தொழில் மாதிரி.

இப்ப சினிமாவுக்கு வரேன். அமரன் (2024) எனக்கும் பிடிச்ச படம்தான். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-ல் ஷோப்பியான்ல இறந்தார். அடுத்த குடியரசு தினத்துல அவர் மனைவி ராஜபாதையில நின்னு அசோக சக்ரா வாங்கினதை டிவியில பார்த்தப்போ எங்க வீட்டம்மா எழுந்து சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க. படத்துலயும் எனக்குப் பிடிச்சது துப்பாக்கிச் சண்டை இல்லைங்க. அந்தப் பொண்ணு போனுக்காகக் காத்திருக்கற இடங்கள்தான். எங்க காலத்துல போன் ஏது? கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ-ன்னு விலாசம் எழுதின இன்லேண்ட் லெட்டர்தான். நான் எழுதினது அவளுக்குப் போய், அவ பதில் எனக்கு வர்றதுக்குள்ள வீட்டுல குழந்தைக்கு ஜுரம் வந்து, சரியாகி, மறுபடியும் வந்திருக்கும்.

ஆனா ஒண்ணு. அதே சண்டையில சிப்பாய் விக்ரம் சிங்னு ஒருத்தரும் செத்தார். தியேட்டரை விட்டு வெளிய வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் ஞாபகம் இருக்கும்? நம்ம சினிமாவுல பட்டாளத்து ஹீரோன்னா பெரும்பாலும் ஆபீசர்தான். ஹவில்தார் எல்லாம் பின்னாடி "யெஸ் சார்" சொல்லிட்டு ஓடற கூட்டம். துப்பாக்கி (2012) படத்துல விஜய் லீவுல வந்து பம்பாயில ஸ்லீப்பர் செல்லைப் பிடிக்கறார். நாங்க லீவுல வந்து பிடிச்சதெல்லாம் வி.ஏ.ஓ-வைத்தான் :-) வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு. அதுல போக வர ரயிலே ஒரு வாரம் தின்னுடும். மிச்ச நாள்ல பட்டா மாத்தணும், ஓடு மாத்தணும், அப்பா முட்டிக்கு வைத்தியம் பார்க்கணும், தங்கச்சி கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டணும். இதையெல்லாம் படமா எடுத்தா எவன் பார்ப்பான், அதுவும் நியாயம்தான்.

கிராமத்துப் படம்னா வேற மாதிரி. மிலிட்டரிக்காரர்னா பெரிய மீசை, கையில சரக்கு, வாய் நிறைய புளுகு. ஊர்லயும் அப்படித்தான் பார்க்கறாங்க. நான் ரிட்டயர் ஆகி வந்த முதல் மாசம் என்கிட்ட "எங்கெல்லாம் இருந்தீங்க, எப்படி இருந்தது"ன்னு கேட்டவங்க ரெண்டு பேர். "கேன்டீன் கோட்டா வந்துடுச்சா மாமா"ன்னு கேட்டவங்களை எண்ணவே முடியாது.

ஆக, தியேட்டர்ல நாங்க தெய்வம். தெருவுல நாங்க ரம் பாட்டில். இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுஷன் இருக்கான், அவன்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி எதையும் யாரும் கேட்கறதில்லை.

அந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டது ஒரே ஒரு ஆள். இலங்கையில, 1988-ல்.

ஐ.பி.கே.எஃப் கதை இப்பத்திய பசங்களுக்குத் தெரியாது. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டாங்க. நம்ம படை யாழ்ப்பாணம் போனப்போ சனங்க மாலை போட்டு வரவேற்றாங்க. அக்டோபர்ல புலிகளோட சண்டை தொடங்கிடுச்சு. அமைதி காக்கப் போன படை போர் செய்ய ஆரம்பிச்சது. அக்டோபர் 21-ல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள டாக்டர், நர்ஸ், நோயாளின்னு பலர் நம்ம படையால செத்தாங்க. இதை எழுத எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எழுதாம விட்டா மத்தது எதையும் எழுத எனக்கு யோக்யதை இல்லை.

நான் போனது அதுக்கு அடுத்த வருஷம். வயர்லெஸ் வேலையோட கூடுதலா மொழிபெயர்ப்பு வேலை. தமிழ் தெரிஞ்சவன்னா எந்த யூனிட்டும் விடாது. ஒரு நாள் செக் போஸ்ட்ல ஒரு வயசான அம்மா. கையில ஒரு பை. திறக்கச் சொல்லுன்னார் எங்க சுபேதார் சாப், பஞ்சாப்காரர். நான் தமிழ்ல சொன்னேன். பை நிறைய பனங்கிழங்கு. அந்தம்மா பையைப் பார்க்கலை, சுபேதாரைப் பார்க்கலை, என் முகத்தையே பார்த்துது.

"நீ தமிழோ, தம்பி?"

"ஆமாம்மா. வேலூர் பக்கம்."

"பிறகு ஏன் வந்தனீ?"

சண்டை போடற குரல் இல்லை. நிஜமாவே தெரிஞ்சுக்கற மாதிரி கேட்டுது. என்கிட்ட பதில் இல்லை. சுபேதார் சாப் "என்ன சொல்றாங்க"ன்னு கேட்டார். "ஒண்ணும் இல்ல சாப், கிழங்குதான்"னேன். வாழ்க்கையில நான் தப்பா மொழிபெயர்த்தது அது ஒண்ணுதான்.

நம்ம பக்கம் ஏறக்குறைய 1,200 பேர் அங்க செத்தாங்க. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர்ல இறந்தார், பரம் வீர் சக்ரா கொடுத்தாங்க. 1990 மார்ச்ல கடைசிக் கப்பல் மெட்ராஸ் வந்தப்போ முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகலை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாதுங்கறதுதான் அவர் நிலை. நான் அதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடியே திரும்பிட்டேன், ஆனாலும் சேதி கேட்டு வயிறு எரிஞ்சுது. எங்களை அனுப்பினது நாங்களா?

இப்ப யோசிச்சா ரெண்டு பக்கமும் தெரியுது. அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது, அந்த அம்மா முகத்தைப் பார்த்த எனக்கு அது புரியாம இல்லை. ஆனா அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் துறைமுகம் இல்லை, டெல்லி. அதுவும் 1990-ல் இல்லை, 1987-ல். எதுக்குப் போறோம், எத்தனை நாள், என்ன நடந்தா திரும்பி வருவோம்னு எல்லாக் கட்சிக்காரங்களும் அன்னைக்கு உலுக்கியிருக்கணும். அப்படிக் கேட்டிருந்தா கிழங்கு வித்த அம்மா என்கிட்ட கேட்க வேண்டியிருந்திருக்காது. கொழும்பு பக்கத்துல கோட்டேயில இலங்கை அரசாங்கமே ஐ.பி.கே.எஃப் சிப்பாய்களுக்கு நினைவுச்சின்னம் வெச்சிருக்கு. நம்ம ஊர்ல நான் அங்க இருந்தேன்னு சொன்னா பேச்சை மாத்திடறாங்க. ஒரு கூட்டத்துக்கு நான் துரோகி, இன்னொரு கூட்டத்துக்கு நான் தோத்துப் போன கதை.

1990-ல் ஒளிச்சு வெச்ச சிப்பாயை அப்புறம் நல்லாவே தெருவுக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க. 2016-ல் பணமதிப்பு நீக்கம் வந்தப்போ ஏ.டி.எம் வரிசையில நின்ன சனங்க முனகினா, "சியாச்சின்ல சிப்பாய் நிக்கறான், உன்னால கொஞ்ச நேரம் நிக்க முடியாதா"ன்னு ஒரே அட்வைஸ். அட பாவிங்களா! நான் பனியில நின்னது எங்கம்மா ஊர்ல நிம்மதியா இருக்கணும்னுதான். என் பேரைச் சொல்லி எங்கம்மா வாயை அடைக்கறதுக்கு இல்லை.

2019 பிப்ரவரியில அபிநந்தன் பிடிபட்டு மார்ச் 1-ல் திரும்பி வந்தார். உடனே சலூன் சலூனா அபிநந்தன் மீசை. அதைக்கூட ரசிச்சேன், நம்ம ஊர்க்காரர், இருக்கட்டும். ஆனா அவர் படத்தைத் தேர்தல் போஸ்டர்ல போட்டாங்க பாருங்க, அங்கதான் கடுப்பாச்சு. ராணுவத்தினர் படத்தைப் பிரசாரத்துல போடாதீங்கன்னு மார்ச் 9-ல் தேர்தல் கமிஷனே சொல்ல வேண்டியதாப் போச்சு.

2025 மே மாசம் இன்னும் மோசம். பஹல்காம்ல 26 பேரைக் கொன்னதுக்குப் பதிலடி கொடுத்தது சரிங்கறதுதான் என் கருத்து. ஆனா சில டிவிக்காரங்க ஸ்டூடியோவுல உட்கார்ந்துகிட்டே கராச்சி துறைமுகத்தை அழிச்சாங்க! காலையில பார்த்தா துறைமுகம் அப்படியே இருக்கு. நிகழ்ச்சியில சைரன் சத்தம் போடாதீங்க, நிஜ சைரன் அடிக்கும்போது சனங்க அலட்சியமா இருந்துடுவாங்கன்னு அரசாங்கமே கெஞ்ச வேண்டியிருந்தது. வயர்லெஸ்காரனுக்கு முதல் நாள் பாடம் என்ன தெரியுமா? தப்பான செய்தி அனுப்பறதுக்கு சும்மா இருக்கறது மேல்.

இவ்வளவு மரியாதை பேசற நாட்டுல, 2015-ல் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு ஜந்தர் மந்தர்ல உட்கார்ந்த கிழட்டு சிப்பாய்களைப் போலீஸ் இழுத்துப் போட்டுது. தேதி ஆகஸ்ட் 14. மறுநாள் சுதந்திர தினம். அடுத்த மாசம் 5-ஆம் தேதி பென்ஷனை அறிவிச்சாங்க, சந்தோஷம். ஆனா மெடல் குத்தின சட்டையோட அந்த ஆளுங்க தள்ளாடினது இன்னும் என் கண்ணுல நிக்குது.

சரி, அக்னிபத். 2022 ஜூன்ல அறிவிச்சாங்க. நாலு வருஷம் வேலை, முதல் வருஷம் மாசம் 30,000 ரூபாய், அதுல 9,000 சேமிப்புக்குப் பிடிச்சுக்குவாங்க. முடியும்போது சுமார் 11.71 லட்சம். நூத்துக்கு 25 பேரை வெச்சுக்குவாங்க, மத்தவங்களுக்குப் பென்ஷன் கிடையாது. படையோட சராசரி வயசு 32-லிருந்து 26 ஆகும்ங்கறது அரசாங்கம் சொல்ற காரணம். அதுல விஷயம் இல்லாம இல்லை. மலையில 20 வயசுக்காரன் ஏறற மாதிரி 38 வயசுக்காரன் ஏற முடியாது.

ஆனா என் அனுபவம் வேற ஒண்ணும் சொல்லுது. செட்டைக் கையில கொடுத்தா மட்டும் சிக்னல்காரன் ஆகிட முடியாது. குளிர்ல பேட்டரி எப்ப சாகும், எந்த மேட்டுல நின்னா சத்தம் கேட்கும், அந்தப் பக்கம் பேசறவன் பயந்துட்டானா இல்லையான்னு குரலை வெச்சே எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு எனக்குக் கத்துக் கொடுத்தது ஒரு மலையாளி ஹவில்தார். நாலு வருஷம் கழிச்சுத்தான் நான் உருப்படியா ஒரு வேலை செஞ்சேன். இப்ப அந்த நேரத்துல முக்கால்வாசிப் பசங்க பெட்டியைக் கட்டணும். பென்ஷன் செலவைக் குறைக்கணும்னா அதை நேரா சொல்லுங்க, பேசலாம். அந்தக் கணக்கைத் தேசபக்தி பேப்பர்ல சுத்திக் கொடுக்காதீங்க.

ரெண்டு நாள் கழிச்சு பையன் வந்தான், கூடவே அவங்கப்பனும். ரெண்டு பேரையும் உட்கார வெச்சு இதையெல்லாம் சொன்னேன், கிழங்கு அம்மா உட்பட. அந்தக் கதையை வீட்டுல வெச்சு நான் சொன்னதே அதுதான் முதல் தடவை. எங்க வீட்டம்மாவும் கதவுகிட்ட நின்னு கேட்டாங்க.

"அப்ப போக வேணாம்கறீங்களா பெரியப்பா?"ன்னான்.

போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அந்த வேலைதான் தங்கச்சிகளைக் கட்டிக் கொடுத்தது, இந்த வீட்டைக் கட்டினது. சீக்கியன், நாகா, மலையாளி எல்லாரோடயும் ஒரே தட்டுல சாப்பிட வெச்சுது. நான் சொன்னது இதுதான்: "சினிமா பார்த்துப் போகாத. நாலு வருஷம் முடியும்போது உனக்கு என்ன வயசு, கையில என்ன இருக்கும்னு கணக்குப் போடு. டிப்ளமோவை விட்டுடாத. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா போ, காலையில 1.6 கிலோமீட்டர் ஓட நானே எழுப்பி விடறேன்." அவங்கப்பன் ஒண்ணும் பேசலை. போகும்போது, "பரீட்சை எழுதட்டும்ணா, அப்புறம் பார்ப்போம்"னான்.

அந்தப் பையன் போனா, அவனை எங்க, எதுக்கு அனுப்பறாங்கன்னு அவனால கேட்க முடியாது. கேட்கவும் கூடாது, சீருடை அப்படி. அவனுக்குப் பதிலா கேட்க வேண்டியது ஓட்டுப் போடற நீங்கதான். ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியான்னு பார்க்காம கேளுங்க. ராணுவத்தைப் பத்திக் கேள்வி கேட்டா தேசத்துரோகின்னு எவனாவது சொன்னா, 24 வருஷம் சீருடை போட்ட ஒருத்தன் கேட்கச் சொன்னான்னு சொல்லுங்க.

டிஸ்கி: இந்த மாச கோட்டா இன்னும் வாங்கலை. யாரும் போன் பண்ண வேண்டாம் :-)