உளுந்தின் மஞ்சள் தேமலும் வீண் மருந்துச் செலவும்

கோட்டுச்சேரிமேட்டைச் சூழ்ந்த நன்செய்களில், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே உளுந்து தெளிப்பது வழக்கம். தனிப் பாய்ச்சலின்றி, எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளையும் இப்பயிர், நெல்லின் கடனைத் தீர்க்கக் குடியானவர் நம்பியிருப்பதாகும். ஆகவே இலையில் மஞ்சள் தேமல் கண்டவுடன் அவர் மருந்துக் கடைக்கு விரைவதில் வியப்பில்லை. ஆயினும் அச்செலவு நோயுற்ற செடிக்குச் சிறிதும் பயன் தராது.

இதன் காரணம் நோயின் வைரஸ் அமைப்பிலேயே உள்ளது. பயிர்களின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. இரட்டை இழையாக முறுக்குண்டிருக்கும். இவ்வைரஸிலோ அது ஒற்றை இழை வளையம்; அதுவும் ஒன்றன்று, இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 எழுத்து நீளமுள்ளது. இரட்டைப் பிள்ளைபோல் ஒட்டிய தனித்தனி உறையில் அடங்கியது. இழை ஓரிடத்தில் தன்மேலேயே மடிந்து கொண்டையூசி வடிவாகின்றது. வைரஸின் புரதம் அவ்விடத்தை வெட்டித் திறக்க, அங்கிருந்து புதிய பிரதிகள் தோன்றுகின்றன. பிரதி செய்யும் கருவியோ பயிரினுடையது. ஆதலின், செடிக்குள் புகுந்த வைரஸை அழித்துச் செடியை மீட்கும் தெளிப்பு மருந்து இல்லை. பூச்சிமருந்து, நோயைப் பரப்பும் வெள்ளை ஈயை மட்டுமே குறைக்கும்.

எனவே பணம் முன்னதாகச் செலவாக வேண்டும். வம்பன் 6, வம்பன் 8 போன்ற எதிர்ப்புத்திறன் வாய்ந்த உளுந்து இரகங்களில் பருவத்திற்கு ஏற்றதைத் தேர்தல் முதற்கடமை. இளம்பருவத்தில் தேமல் கண்ட செடிகளை உடனே பிடுங்கி அழித்தல் இரண்டாவது. செடி குறைந்தால் மகசூல் குறையுமே என அஞ்சுவோர் உளர். விட்டுவைத்த ஒரு செடியிலிருந்து ஈ எத்தனை செடிக்கு நோயைக் கொண்டுசெல்லும் என்பதை அவர்கள் எண்ணுதல் நன்று.

இரகத்தை மட்டும் நம்பியிருப்பதும் தகாது. வம்பனில் எடுத்த உளுந்து வைரஸில், ஒரு வளையத்தோடு அதன் துணை வளையம் பலவகையாக இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2004-இல் வெளியிட்டனர். இவ்வாறு வேறுபடும் பகைவன் முன், இன்று தாங்கும் இரகம் என்றும் தாங்கும் எனக் கொள்ளலாகாது.

வெள்ளை ஈக்கு வரப்பு எல்லையன்று. ஒருவர் பிடுங்க, அயலார் வாளாவிருந்தால் பயனில்லை. ஊரார் ஒருங்கே செய்தல் வேண்டும். நல்விதையும் சம்பா கதிர் முற்றுமுன்னரே ஊர் வந்து சேர வேண்டும். அறுவடைக்குப் பின் வரும் விதை களஞ்சியத்துக்கே உதவும்; அக்காலத்தில் விதை சேர்ப்பிப்பது இலாகாவின் பொறுப்பாகும்.