வீடு வந்து சேர்ந்த சின்னப்பிள்ளை வெள்ளாமை

"சின்னப்பிள்ளை வெள்ளாமை வீடு வந்து சேராது" என்று ஒரு பழமொழி உண்டு. விளையாட்டுத்தனமாகச் செய்யும் வேலை கடைசியில் ஒன்றுக்கும் உதவாது என்று அர்த்தம். இந்தப் பழமொழியைப் பொய்யாக்கிய ஒரு ராப் ஆல்பம் இருக்கிறது. டி லா சோல் என்ற அமெரிக்கக் குழு 1989 மார்ச்சில் வெளியிட்ட முதல் ஆல்பம், "3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்".

குழுவில் மூன்று பேர். நியூயார்க் நகரத்துக்கு வெளியே, லாங் ஐலண்டில் இருக்கும் அமிட்டிவில் என்ற ஊர்ப் பையன்கள். எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஒருவர் தன் பெயரை ட்ருகாய் என்று வைத்துக்கொண்டார். தயிரைக் குறிக்கும் 'யோகர்ட்' என்ற ஆங்கில வார்த்தையின் எழுத்துக்களைத் திருப்பிப் போட்டால் வருவது அது! இன்னொருவர் பாஸ்டனூஸ், அதுவும் திருப்பிப் போட்ட பெயர்தான். மூன்றாமவர் டிஜே மேசியோ. தயாரித்தவர் பிரின்ஸ் பால். அவரும் அதே ஊர், இவர்களைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாத வீட்டில் நாலு பிள்ளைகள் சேர்ந்தால் என்ன நடக்குமோ, அதுதான் ஸ்டூடியோவில் நடந்தது.

அன்றைய ராப் உலகத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பப்ளிக் எனிமியின் அரசியல் கோபம். இன்னொரு பக்கம் என்.டபிள்யூ.ஏ.வின் தெருக் கோபம். இரண்டுமே நியாயமான கோபங்கள், இரண்டுமே நல்ல இசை. ஆனால் ராப் பாட வந்தவன் தடித்த தங்கச் சங்கிலி போட்டு முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. அந்த நேரத்தில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பூப்போட்ட அட்டையோடு வந்தார்கள் இந்தப் பையன்கள். "மீ மைசெல்ஃப் அண்ட் ஐ" பாட்டின் வீடியோவில் ஒரு வகுப்பறை வரும். சங்கிலி போட்ட மாணவர்களும் வாத்தியாரும் சேர்ந்து இவர்களைக் கிண்டல் செய்வார்கள். எல்லோரையும் போல இல்லாததற்காக வகுப்பில் கேலிக்கு ஆளான யாருக்கும் அது புரியும். இன்றைக்கும் புதிதாகக் கேட்பவர்களை இந்த ஆல்பம் பிடித்துக்கொள்வதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், அது செய்யப்பட்ட விதம். பழைய இசைத்தட்டிலிருந்து சில நொடிகளை வெட்டி எடுத்துப் புதுப் பாட்டில் ஒட்டுவதற்கு சாம்பிள் என்று பெயர். அப்போது பலரும் ஜேம்ஸ் பிரவுனையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களோ கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். ஹால் அண்ட் ஓட்ஸின் பாப் பாட்டு, ஸ்டீலி டான் இசை, ஓட்டிஸ் ரெடிங்கின் விசில், குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தர 1970களில் டிவியில் வந்த பாட்டு, பிரெஞ்சு மொழி கற்றுத்தரும் இசைத்தட்டு... ஆல்பத்தின் பெயரே ஜானி கேஷின் வெள்ளப் பாட்டு ஒன்றிலிருந்து வந்ததுதான். பாட்டுகளுக்கு நடுவே ஒரு வினாடி வினா நிகழ்ச்சி வேறு, பதிலே சொல்ல முடியாத கேள்விகளோடு! பின்னால் வந்த எத்தனையோ ராப் ஆல்பங்களில் இப்படிக் குட்டி நாடகங்கள் இருப்பதற்கு இதுவே வழிகாட்டி.

"வெறும் ஜாலிதானே" என்று ஒதுக்குபவர்கள் "கெட்டோ தேங்" கேட்க வேண்டும், அது வறுமையைப் பற்றியது. "சே நோ கோ" போதைப்பொருள் அழித்த குடும்பங்களைப் பற்றியது. சிரித்த முகத்தோடு சொன்னதால் விஷயத்தின் கனம் குறையவில்லை.

"அவர்களே இதைக் கைவிட்டார்களே" என்றும் சிலர் கேட்பார்கள். உண்மைதான். பத்திரிகைகள் 'ஹிப்பி' என்று முத்திரை குத்தியதில் வெறுத்துப்போய், 1991-ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு "டி லா சோல் இறந்துவிட்டது" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அட்டையில் உடைந்த பூந்தொட்டி! ஆனால் அந்த ஆல்பத்திலும் குட்டி நாடகங்களும் கிண்டலும் நிறைய இருந்தன. அவர்கள் உதறியது முத்திரையை. விளையாட்டை விடவே இல்லை.

விளையாட்டுக்கு விலை வைத்தது சட்டம். தங்கள் பாட்டை அனுமதியில்லாமல் எடுத்துவிட்டதாக டர்ட்டில்ஸ் குழுவினர் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. 1991 டிசம்பரில் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கியே தீர வேண்டும் என்று ஆனது. மூலப் பாட்டைச் செய்தவருக்குக் காசு போய்ச் சேர வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சில நொடி விசிலுக்கும் வக்கீல் வேண்டும் என்றால், கையில் காசில்லாத இருபது வயதுப் பையன்கள் இப்படி ஒரு ஆல்பத்தை மறுபடி எப்படிச் செய்வார்கள்? அந்தக் கேள்விக்கு இசைத்துறை இதுவரை நல்ல பதில் சொல்லவில்லை.

கொடுமை அதோடு நிற்கவில்லை. இசை இணையத்துக்கு மாறியபோது, பழைய ஒப்பந்தங்களில் அதற்கு இடமில்லாமல் போனது. பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2010-ம் ஆண்டுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது. அதே ஆல்பத்தை ஒரு கல்லூரி மாணவன் இணையத்தில் முறையாகக் காசு கொடுத்துக் கேட்க வழியில்லை! 2014 காதலர் தினத்தில் குழுவினரே தங்கள் பாட்டுகளை ரசிகர்களுக்கு ஒரு நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். 2023 மார்ச் 3 அன்று, சரியாக 34 வருடம் கழித்து, சில சாம்பிள்களை மாற்றிய பிறகு, ஆல்பம் ஸ்ட்ரீமிங்கில் வந்தது. ட்ருகாய் என்ற டேவிட் ஜோலிகோர் அதற்கு 19 நாட்கள் முன்புதான், பிப்ரவரி 12 அன்று, 54 வயதில் இறந்துபோயிருந்தார்.

சின்னப்பிள்ளைகளின் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தது. விதைத்தவர்களில் ஒருவர் அதைப் பார்க்கவில்லை. ராப் என்றாலே காதைப் பொத்திக்கொள்பவர்களும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் வினாடி வினாவிலிருந்து வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். இப்போது தடை எதுவும் இல்லை.