தலைப்புப் போடுகிறவன் யார்?

புத்தகசாலைக்குள் எல்லாப் புத்தகங்களும் சமமாக இருப்பதாகவே பெரும்பாலான மக்கள் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் எந்தப் புத்தகத்தை எதனோடு வைப்பது, அட்டவணையில் அதற்கு என்ன விஷயத் தலைப்புப் போடுவது என்று முடிவு செய்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் போட்ட தலைப்பு தெரியாதவனுக்குப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-ல் அறிவு முழுவதையும் பத்து வகுப்பாக்கி எண் கொடுத்தார். மதத்துக்கு ஒதுக்கிய நூறு எண்களில் 220 முதல் 289 வரை பைபிளுக்கும் கிறிஸ்து மதத்துக்கும் போய்விட்டன. உலகத்தின் மற்ற மதங்கள் அத்தனைக்கும் 290 முதல் பத்தே எண்கள்! இது கடவுள் போட்ட கணக்கா? ஒரு மனிதர் தம் ஊர்ப் பழக்கத்தை உலகத்தின் அளவாகக் கொண்டதுதானே!

இதைவிட அக்கிரமம் ஒன்று கேளுங்கள். வாஷிங்டன் நகரத்து ஹோவார்டு சர்வகலாசாலையில் 1930-ல் புத்தகசாலைப் பொறுப்பேற்ற டோரதி போர்ட்டர் என்னும் கறுப்பின அம்மையார், வெள்ளையர் புத்தகசாலைகளில் கறுப்பர் எழுதியதையெல்லாம் 326 என்ற அடிமை முறை எண்ணிலோ, 325 என்ற குடியேற்ற எண்ணிலோ தள்ளியிருக்கக் கண்டார். கவிதை எழுதினாலும் அதே கதிதான்! அம்மையார் அதை ஒப்புக் கொள்ளாமல், கவிதையைக் கவிதையோடும் சரித்திரத்தைச் சரித்திரத்தோடும் வைத்தார்.

"தலைப்பில் என்ன இருக்கிறது? புத்தகம் இருந்தால் போதாதா?" என்கிறார்கள் சிலர். ஒன்றுமில்லையென்றால் மாற்றுவதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? அனுமதியின்றிக் குடியேறியவர்களைச் "சட்டவிரோத அந்நியர்" என்று குறித்த தலைப்பை நீக்கும்படி டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014-ல் கேட்டார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2016-ல் இசைந்தது. உடனே அரசியல்வாதிகள் குறுக்கே நின்றார்கள். கடைசியாக 2021 நவம்பரில்தான் அது மாறிற்று. ஒரு தலைப்புக்கு ஏழு வருஷம்!

தோழர்களே! ஒரு தலைப்பில் கிடைக்காவிட்டால் புத்தகமே இல்லையென்று திரும்பி விடாதீர்கள். அவ்விஷயத்தில் நீங்கள் அறிந்த ஒரு புத்தகத்தைப் பிடித்து, அட்டவணையில் அதற்கு என்னென்ன தலைப்புப் போட்டிருக்கிறார்களென்று பார்த்து, அவற்றிலும் தேடுங்கள். தலைப்பு இழிவாயிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மனிதன் போட்டதை மனிதன் மாற்ற முடியாதா?