எச்சரிக்கை மேசையிலே, சாவு பட்டறையிலே!

விண்ணைக் கிழிக்கும் ராக்கெட்டைக் கண்டால் கைதட்டுகிறோம். தட்டவேண்டியதுதான். ஆனால் அந்த ராக்கெட்டுக்கு மருந்து நிரப்பிய கை எவருடையது, மருந்து வெடித்தபோது கருகிய உடல் எவருடையது என்று கேட்பவர் எத்தனை பேர்? அமெரிக்காவிலே தையோகால் என்றொரு கம்பெனி. அதன் வரலாற்றைப் பட்டறையிலே பாடுபடும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம்.

1926. கான்சாஸ் நகரிலே ஜோசப் பாட்ரிக் என்ற வேதியல் அறிஞர், கூட்டாளி ஒருவருடன், மோட்டார் வண்டிக்காகக் குளிரில் உறையாத திரவம் செய்ய முனைந்தார். கிடைத்ததோ மூக்கைத் துளைக்கும் கந்தக நாற்றப் பிசின்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காயிற்று. ஆனால் அந்தக் குரங்கைப் பெட்ரோலும் கரைக்கவில்லை. கிரேக்க மொழியின் கந்தகத்தையும் பசையையும் சேர்த்துப் பெயர் சூட்டி, 1929-இலே கம்பெனி கண்டார்கள். போர்க்காலத்தில் விமானங்களின் எண்ணெய்த் தொட்டி ஒழுகாமலிருக்க அது உதவிற்று. பின்னர், எரிமருந்துத் தூளை அதே ரப்பரிலே குழைத்து உறைய வைத்தால் திட எரிபொருள் கிடைக்கும் என்று கண்டனர். அவ்வளவுதான், உடா மாநிலத்திலே பெரிய தொழிற்சாலை, ராணுவ ஒப்பந்தம், கொழுத்த லாபம்!

இனி 1971, பிப்ரவரி 3. ஜார்ஜியா மாநிலம், உட்பைன் அருகே இதே கம்பெனியின் மற்றொரு தொழிற்சாலை. வியட்நாம் போருக்காக மக்னீசியத் தீவட்டி செய்தார்கள். செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கருப்பின ஏழைப் பெண்கள். தீப் பிடித்தது, வெடித்தது, 29 உயிர்கள் போயின! அந்த மருந்து முன்பு நினைத்ததைவிடக் கொடிய ஆபத்துடையது என்று ராணுவம் மாதக்கணக்கில் முன்பே வகை மாற்றி எழுதிவிட்டது. எழுதிய தாள் தொழிற்சாலைக்கு வந்தது எப்போது? பிணங்களை அடக்கம் செய்த பிறகு!

அங்கே தாள் வரவில்லை. பதினைந்தாண்டு கழித்து, தாள் வந்தும் பயனில்லை. 1985 ஜூலையிலேயே பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜொலி எழுதினார்: பூஸ்டர் மூட்டின் ரப்பர் வளையத்தைச் சரிசெய்யாவிட்டால் பேரழிவு நேரலாம் என்று. 1986 ஜனவரி 27 இரவு, தொலைபேசியில் வாதம். 12 பாகை செல்சியசுக்குக் கீழே ஏவாதீர் என்றார்கள் பொறியாளர்கள். மேலாளர்களும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். நாசா அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அரைமணி நேரம் தனியே பேசிவிட்டு மேலாளர்கள் “ஏவலாம்” என்றனர்! கையெழுத்திட மறுத்தார் ஆலன் மெக்டொனால்டு. வேறொருவர் இட்டார். மறுநாள் ஏறத்தாழ 2 பாகைக் குளிர். சேலஞ்சர் 73 விநாடியில் சிதறிற்று. எழுவர் மாண்டனர், பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட. குளிருக்கு மருந்து தேடப்போய்ப் பிறந்த கம்பெனி இது!

விசாரணைக் குழு முன் உண்மை சொன்ன மெக்டொனால்டுக்குக் கிடைத்த பரிசு பதவிக் குறைப்பு. அமெரிக்க மக்களவை உறுப்பினர்கள் கொதித்தெழுந்த பிறகே பதவி திரும்பிற்று.

கம்பெனியோ 1982-இலே மார்ட்டன் உப்புக்காரரோடு சேர்ந்தது, 1989-இலே பிரிந்தது, 2001-இலே ஏடிகே கைக்குப் போனது, 2018-இலே நார்த்ரப் கிரம்மன் ஆனது. உடா தொழிற்சாலை மட்டும் இடம் மாறவில்லை. 2022-இலே நிலவுப் பாதையில் சென்ற ஆர்ட்டெமிஸ் கலத்தின் பூஸ்டர்கள் அங்கே செய்தவைதாம். 2025 ஏப்ரலிலே அங்கு ஒரு கட்டடம் வெடித்துத் தரைமட்டமாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை.