ஐந்து படி வளையம்

நம்மூர்ச் சாலைகளில் ஓடும் சாதாரண பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொன்றிலும், ஸ்பிரிங்கின் ஒரு முனையில், படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். வண்டி ஷோரூமை விட்டு வந்ததிலிருந்து காயலான் கடைக்குப் போகும்வரை அதை யாரும் தொடுவதில்லை. தொட்டாலும் 'ஷாக்கை டைட் வைக்கிறேன்' என்றுதான். அந்தப் பேச்சிலேயே பிழை இருக்கிறது. வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டிப்படாது. வண்டியின் பின்பாகம் உயரும், அவ்வளவே. கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ ஏறினால் 70 மில்லிமீட்டர் இறங்கும். வளையத்தைத் திருப்பி முன்னதாகவே 10 மில்லிமீட்டர் அமுக்கி வைத்திருந்தால் 60தான் இறங்கும். ஆனால் அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் பழையபடி ஒரு மில்லிமீட்டர்தான். கெட்டியான ஸ்பிரிங் வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங் மாட்ட வேண்டியதுதான்.

உயரம்தானே என்று விட்டுவிட முடியாது. பின்னால் ஓர் ஆளும் ஓர் அரிசி மூட்டையும் ஏறிப் பின்பாகம் தாழ்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடும். ஹேண்டில் மந்தமாகும், வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். நாமோ பல்பின் மேல் பழியைப் போடுவோம். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது, அதன் அச்சிலிருந்து நேர்மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளிவரை அளந்துகொள்ள வேண்டும். ஸ்டாண்டை எடுத்து, வழக்கமாக ஏறுகிறவர்கள் ஏறியபின் மறுபடி அளக்க வேண்டும். சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரம் 100 மில்லிமீட்டர் என்றால், வித்தியாசம் சுமார் 25 முதல் 33க்குள் இருக்கலாம். கூடினால் வளையத்தை ஒரு படி ஏற்றலாம், குறைந்தால் இறக்கலாம்.

'கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா?' என்பார்கள். தெரிந்ததால்தான் வளையத்தில் படிகளை வெட்டி, பல வண்டிகளின் டூல் கிட்டில் அதைத் திருப்பக் கொக்கி ஸ்பேனரும் வைத்திருக்கிறான். காலையில் ஒருவரும் மாலையில் இருவரும் ஏறப்போவது தொழிற்சாலைக்குத் தெரிய வழியில்லை. படி ஏற்றினால் முதுகு போய்விடும் என்பது பாதி உண்மை. ஒல்லியான ஆள் தனியாகக் கடைசிப் படியில் ஓட்டினால் ஸ்பிரிங் லேசில் அசையாது, சக்கரம் பள்ளத்தில் இறங்கவும் இடமிருக்காது; முதுகு வலிக்கத்தான் செய்யும். ஆனால் இருவர் ஏறி முதல் படியிலேயே ஓட்டினால் ஷாக் அடிவரை அமுங்கி முட்டும் அடி அதைவிட மோசம்.

வளையத்தால் தீராத கோளாறும் உண்டு. சீட்டை அழுத்திவிட்டால் வண்டி ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். ஊஞ்சல்போல் ஆடினால் ஷாக்கின் உள்ளிருக்கும் எண்ணெய் கசிந்திருக்கலாம். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கும். அதற்கு மெக்கானிக்தான் வேண்டும். மற்றபடி, வருடக்கணக்கில் தொடாத வளையம் சேற்றில் இறுகிக் கிடக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருப்ப வேண்டும், இடமும் வலமும் ஒரே படிக்கு.