மேலே பார்த்து நடக்கும் பாட்டு



இம்முறை ஒரு யப்பான் பாட்டைப் பற்றி எழுதுகிறேன். எங்களுக்கும் யப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கல்லடியில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலம் யப்பான் உதவியில் கட்டியதுதான். எமது தையல் நிலையத்து மெசின்களிலும் அந்த நாட்டுப் பெயர்தான் இருக்கிறது. பாலமும் மெசினும் வந்தால் பாட்டும் வரும்தானே.

பாட்டின் பெயருக்கு 'மேலே பார்த்து நடப்போம்' என்று பொருள். கண்ணீரை அடக்கிக்கொண்டு ஒருவர் தலை நிமிர்ந்து நடப்பதுதான் விடயம். ஆனால் வெளிநாடுகளில் இதை 'சுக்கியாக்கி' என்றுதான் தெரியும். அது யப்பானில் மாட்டிறைச்சியும் மரக்கறியும் போட்டுச் சமைக்கும் ஒரு சாப்பாடு. பாட்டில் சாப்பாட்டுக் கதையே இல்லை. சொந்தப் பெயர் வாயில் நுழையாது என்று நினைத்து, தெரிந்த ஒரு யப்பான் சொல்லை வைத்துவிட்டார்கள். எமது தாலாட்டு ஒன்றை எடுத்துப்போய் 'மீன் சொதி' என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்! அந்தப் பெயரோடுதான் 1963 யூனில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது.

பாடியவர் கியூ சாகமோட்டோ. 1961 இல் பாடும்போது இருபது வயதும் ஆகவில்லை. இசை ஹச்சிடாய் நாகமுரா, சொற்கள் ரொக்குசுக்கே எய்.

என் தங்கச்சியின் மகள் யப்பானில் வேலைக்குப் போகவென்று பாஷை படிக்கிறாள். சொற்கள் மனதில் நிற்க அவள் போனில் இதைப் போட்டுப் போட்டுக் கேட்பாள். அப்படித்தான் என் காதிலும் விழுந்தது. துள்ளலான மெட்டு, நடுவில் ஒரு விசில். சாகமோட்டோ சொற்களை இழுத்து, இடையில் உடைத்து உடைத்துப் பாடுவார். பாட்டை எழுதியவருக்கே முதலில் அந்தப் பாடும் முறை பிடிக்கவில்லையாம். எனக்குப் பிடித்தது. பைலாப் பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு மாவரிப்பேன். கருத்தை அவள் சொல்லித்தந்த பிறகும் அது எனக்குச் சந்தோசப் பாட்டுத்தான்.

பிறகு எமது நிலையத்துக்கு யப்பானில் இருந்து சிலர் வந்தார்கள். அவர்களில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. தேநீர் குடித்து முடிந்ததும் ஒரு பாட்டுப் படியுங்கள் என்று மருமகள் கேட்டுவிட்டாள். அன்று கரண்டும் இல்லை. காற்றாடி நின்று, மெசின் எல்லாம் நின்று, வாவிக்கரைத் தென்னோலைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் எழுந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, இந்தப் பாட்டைத்தான் படித்தார்.

மெட்டு அதேதான். ஆனால் மெதுவாக வந்தது. போனில் விளையாட்டாகக் கேட்ட அந்தச் சொல் உடையும் இடங்கள், அவருடைய வாயில் விக்கலாக வந்தன. செத்த வீட்டில் ஒப்பாரி சொல்லும் பெண் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் மூச்சை இழுப்பாளே, அந்த மூச்சு. போனில் அந்த மூச்சு எனக்குக் கேட்டதில்லை. முகம் பார்த்துக் கேட்கும்போதுதான் தெரிந்தது. விசில் வரும் இடத்தில் அவர் உதட்டைக் குவித்தார், காற்றுத்தான் வந்தது. சிரித்தார். மருமகள் வாய்க்குள் ராகம் இழுத்தாள், நாங்களும் சேர்ந்து இழுத்தோம். அந்த இடம் என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது.

எங்களோடு ஓர் அக்கா தைக்கிறா. 1990 செப்ரெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமில் இருந்து 158 பேரைக் கொண்டுபோனார்களே, அதில் அவவுடைய புருசனும் ஒருவர். அவ பொட்டை அழிக்கவில்லை. ஒரு நாளும் ஒப்பாரி சொன்னதில்லை. சொன்னால் அவர் செத்தார் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று சொல்லுவா. சடலம் கண்டவர்களுக்குத்தான் ஒப்பாரி. காணாமல்போனவர்களுக்கு எங்களிடம் எந்தப் பாட்டும் இல்லை.

அவதான் கேட்டா, "இது என்னகா, சந்தோசப் பாட்டா துக்கப் பாட்டா?"

மருமகள் கருத்தைச் சொன்னாள். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா சொன்னா, "அப்ப இத நான் படிக்கலாம் புள்ள. ஆரு செத்த எண்டு இதில சொல்லல்லதானே."

உண்மைதான். 1960 இல் அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து யப்பானில் பெரும் ஊர்வலங்கள் நடந்தன. எவ்வளவு கத்தியும் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. ஊர்வலத்தில் நின்று தோற்றுப்போய் வீட்டுக்கு நடந்த மனநிலையில் எய் எழுதிய சொற்கள் இவை. ஆனால் ஒப்பந்தத்தைப் பற்றிப் பாட்டில் ஒன்றும் இல்லை. ஏன் அழுகிறார் என்பதை வெளியே விட்டுவிட்டார். 1981 இல் அமெரிக்கப் பெண்கள் இருவர் ஆங்கிலத்தில் பாடி, பிரிந்துபோன காதலனுக்கான அழுகை என்று ஆக்கினார்கள். மருமகளுக்கு அது விருப்பம். எனக்கு ஒட்டவில்லை, காரணம் சொன்னதும் பாட்டு சின்னதாகிவிட்டது போல இருக்கிறது.

சாகமோட்டோவும் நெடுநாள் இருக்கவில்லை. 1985 ஓகஸ்ட் 12 இல் ரோக்கியோவில் இருந்து ஒசாகா போன விமானம் மலையில் விழுந்து 520 பேர் இறந்தார்கள். அவரும் அதில் ஒருவர். வயது 43. 2011 மார்ச் 11 இல் யப்பானைக் கடல் அடித்த பிறகு, இந்தப் பாட்டு மறுபடியும் அந்த நாடு முழுவதும் ஒலித்தது. எமக்குப் படித்த அம்மாவும் அந்தக் கரையோர ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர் என்று வாகனம் வெளிக்கிடும்போதுதான் அறிந்தோம். யாரை இழந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. நாவலடியில் 2004 இல் பிள்ளையைப் பறிகொடுத்த எங்கள் மச்சாள் ஒருத்தி, அவருடைய கையைப் பிடித்தபடி வாகனக் கதவு மட்டும் போனாள்.

இப்போது மருமகள் பாட்டைத் தமிழ் எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி மெசினுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். உச்சரிப்புப் பிழைக்கும், பரவாயில்லை. அக்கா முதல் இரண்டு அடியைப் பாடமாக்கிவிட்டா. பொம்பிளைகள் விசிலடிப்பதா என்று பக்கத்து வீட்டுப் பெத்தா ஏசுவதால், அந்த இடத்தை இன்னமும் வாய்க்குள்ளேயே இழுக்கிறோம்.